நொய்யல் கரைப் பையன்

திருப்பூருக்குக் கடல் கிடையாது. நொய்யல் என்று ஒரு நதி உண்டு. அதை நதி என்று சொல்லச் சற்று நாக்குக் கூசுகிறது. இப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து என் பழைய மாணாக்கன் ஒருவன் கடற்படையில் அக்னிவீரனாகச் சேர்ந்து, ஒடிசாவில் சில்கா ஏரிக்கரைப் பயிற்சிப் பள்ளிக்குப் போயிருக்கிறான். அவனுடைய தகப்பனார் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சென்ற ஞாயிறு மாலை, நோட்டுப் புத்தகக் காகிதம் ஒன்றுடன் என் வீட்டுக்கு வந்தார்.

"பையனுக்கு நாலு புத்திமதி எழுதியிருக்கேனுங்க. தப்பிருந்தால் திருத்திக் கொடுங்க" என்றார்.

உபாத்தியாயர் கையில் காகிதம் அகப்பட்டால் கேட்க வேண்டுமா? சிவப்பு மையை எடுத்தேன்.

முதலாவது பணத்தைப் பற்றியது. 2022-ம் வருஷத்தில் வகுத்த திட்டப்படி சேவை நான்கு வருஷம். முதல் வருஷச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். அதில் 30 சதவிகிதம் பிடித்தம். முடிவில் சர்க்கார் பங்கும் சேர்ந்து 11 லட்சத்துக்கு மேல் வரும். ஆனால் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நிலைக்க இடமில்லை. தகப்பனார் எழுதியிருந்தார்: "அம்மாவின் நகை அடகில் இருப்பதை நினைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பாதே. எஞ்சினோ, மின்சாரமோ, ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு வா. நீ திரும்பி வந்து என் மேஜையில் துணி வெட்டக் கூடாது."

இதில் திருத்த ஒன்றுமில்லை.

அடுத்த வரி, "மேலதிகாரியை எதிர்த்துப் பேசாதே" என்பது. என் பேனா நின்றுவிட்டது. 1946 பிப்ரவரி 18-ந் தேதி பம்பாயில் 'தல்வார்' தளத்து மாலுமிகள், கெட்ட சாப்பாட்டையும் வெள்ளை அதிகாரியின் வசைச் சொல்லையும் பொறுக்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில தினங்களில் சுமார் 20,000 மாலுமிகள் சேர்ந்துகொண்டார்கள். சர்தார் படேல் எடுத்துச் சொன்ன பிறகே பணிந்தார்கள். வேலையிழந்தவர்களைச் சுதந்திர இந்தியாவின் கடற்படையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. 1932-ல் கொடிக்காக உயிர் விட்ட குமரனின் ஊரிலிருந்து போகிறவனுக்கு இப்படி எழுதலாமா என்று கேட்டேன்.

"அது அந்நியன் கப்பலுங்க, இது நம்ம கப்பல்" என்றார். பிறகு யோசித்து, "ஆனாலும் நூறு அடுக்குத் துணியில் ஒன்று சரிந்தால் அத்தனையும் கோணிப் போகும். சரிந்ததும் சொல்கிற ஹெல்பர்தான் எனக்கும் வேணும்" என்றார். அவரே அந்த வரியை அடித்துவிட்டு, "தவறு கண்டால் மரியாதையாக, உடனே சொல்லு" என்று எழுதினார். சிவப்பு மைக்கு அங்கேயும் வேலையில்லை.

கடைசி வரி: "நீச்சல் தெரியாது என்பதை முதல் நாளே ஒப்புக்கொள்."

எனக்கு ஆச்சரியம். தகப்பனார் சிறு வயதில் நொய்யலில் நீந்திப் பழகியவர். பின்னால் சாயப்பட்டறைத் தண்ணீர் ஆற்றில் இறங்கிற்று. பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஆற்றில் கால் வைக்காமலே வளர்ந்துவிட்டார்கள்.

"யாரைக் குறை சொல்லுவதுங்க? நாங்க சாப்பிட்ட சோறும் அந்தச் சாயத்தில்தானே வந்தது" என்றார்.

இரண்டு இடத்தில் 'ர'வை 'ற'வாக்கிக் கொடுத்தேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி, "சில்கா ஏரி ரொம்ப ஆழமுங்களா?" என்று கேட்டார்.

"அதிக ஆழமில்லை" என்றேன்.