லயத்துப் புகைக்கு யார் பொறுப்பு?



"ஜன்னலைத் திறந்து வையுங்கள், விறகடுப்பை விடுங்கள்" என்று கிளினிக்கிலும் கூட்டங்களிலும் நமக்குப் புத்தி சொல்கிறார்கள். எந்த ஜன்னலைத் திறப்பது? இரட்டை லயத்தில் பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பத்தின் காம்பரா. காற்று வர முன்பக்கம் மட்டுமே உண்டு. கோப்பிக் காலத்தில் ஆட்களை நெருக்கி வைக்கப் போட்ட கட்டட முறை இது.

மழைக்காலத்தில் ஈர மிலாறு எரிந்தால் புகை அந்த ஒரே அறையில்தான் சுற்றும். கூரை ஒழுகும் காம்பராவில் கம்பளி காயாது, சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அங்கேதான் கைக்குழந்தையும் தூங்குகிறது. அந்த நாட்களில் என் வகுப்பில் காலியாகும் வாங்குகளை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் சேரும் அடுப்பு, விளக்குப் புகையால் 2020இல் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் 2,37,000க்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். புகைக்குள் வளரும் பிள்ளைக்கு நியூமோனியா வரும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு.

"காஸ் வாங்குங்களேன்" என்பார்கள். 2022இல் காஸ் இல்லாமல் நகரத்தாரே விறகு தேடினார்கள். நாட்சம்பளக்காரர் எங்கே போவது?

லயம் நமது சொத்தல்ல. நிர்வாகத்தின் அனுமதியின்றிச் சுவரில் ஒரு துவாரம் போட முடியாது. அப்படியானால் புகைக்கும் நிர்வாகமே பொறுப்பு. கண்டிப் பகுதியில் ஜனவசம, எஸ்.பி.சி. தோட்டங்களுக்கு அரசாங்கமே நிர்வாகம். அங்கே கம்பனியைக் காட்டி அரசு தப்ப முடியாது. தோட்டங்களுக்குள் பிரதேச சபை வேலை செய்ய இருந்த தடையும் 2018 சட்டத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது.

ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் நமது உரிமை. அதை விடமாட்டோம். ஆனால் அடிக்கல் நாட்டிய படத்தைக் காட்டி, அதுவரை இருமிக்கொண்டிருங்கள் என்று யார் சொன்னாலும், நம் தலைவர்களே சொன்னாலும், ஏற்க முடியாது. தனி வீடு வரும்வரை ஒவ்வொரு காம்பராவுக்கும் புகைபோக்கி, ஒழுகாத கூரை, லயத்துக்கு வெளியே காற்றோட்டமான குசினி வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதுவும் ஏற வேண்டும்.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் அணியும் இந்த மாதமே லயம் லயமாகப் போங்கள். புகைபோக்கி இல்லாத காம்பரா எத்தனை, ஒழுகும் கூரை எத்தனை, இருமும் பிள்ளைகள் எத்தனை என்று எழுதுங்கள். ஒரு பிரதி துரைக்கு, ஒன்று பிரதேச சபைக்கு, ஒன்று நமது காரியாலயத்துக்கு. பதில் வராவிட்டால் எல்லோரும் சேர்ந்து கேட்கப் போவோம்.