தீவிர சிகிச்சையில் தீராத பாகுபாடு

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரின் மருத்துவக் குறிப்பேட்டில் மனநோய் பதிவாகியிருந்தால், அவர் சொல்லும் வலியும் மூச்சுத்திணறலும் ஐயத்தோடு பார்க்கப்படுவதுண்டு. உடல்நோயின் அறிகுறிகளையும் மனநோயின் கணக்கிலேயே சேர்த்துவிடும் இப்போக்கு, உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது.

தமிழகத்தில் பூச்சிக்கொல்லி அருந்தியவர்களின் சிகிச்சையே இதற்குச் சான்று. ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சை எதிர்கொள்ள அட்ரோபின் என்னும் மருந்து ஏற்றப்படும்போது, அதன் அளவு மிகுந்தால் நோயாளி பிதற்றுவார், ஊசிக்குழாயைப் பிடுங்குவார், தோல் வறண்டு உடல் கொதிக்கும். இதை மனக்கோளாறு என்று கருதிக் கைகளைக் கட்டுவதோடு செவிலியர் நின்றுவிட்டால், குறைக்க வேண்டிய மருந்து குறைக்கப்படாமலே போகும்.

அவசர சிகிச்சையின் தரத்தில் மனநோயாளிக்கும் உடல்நோயாளிக்கும் வேறுபாடு கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்பது அதன் 115ஆம் பிரிவு. ஆகவே, ‘தானாகத் தேடிக்கொண்ட வினை’ என்ற முணுமுணுப்புக்கு அங்கே இடமில்லை.

எனினும், ஆள் பற்றாக்குறையோடும் ஓயாத எச்சரிக்கை ஒலிகளோடும் போராடும் செவிலியரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. ஒவ்வொரு பணிமுறையிலும் மனக்குழப்ப நிலையை அளவிடும் பயிற்சியையும், மனநல மருத்துவரின் அன்றாட வருகையையும், போதிய பணியிடங்களையும் உறுதிசெய்வது அரசின், மருத்துவமனை நிர்வாகங்களின் கடமையாகும்.