ஜூனியர் வக்கீலின் சம்பளத்தை யார் கட்டுகிறார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹாரில் ஒரு தமிழ் நண்பர் வீட்டில் காபி. மனிதர் மத்திய அரசு உத்தியோகம், ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், தில்லிக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. மகள் சட்டம் முடித்து பார் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டாள். கம்பெனி வேலை வேண்டாமாம். தீஸ் ஹசாரி கோர்ட்டில் ஒரு கிரிமினல் வக்கீலிடம் ஜூனியராகச் சேரப் போகிறாளாம்.

"வக்கீல் சார், நீங்களே கேளுங்க. போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கறதுக்கா பொண்ணை அஞ்சு வருஷம் படிக்க வெச்சேன்?" என்றார்.

மகள் விடவில்லை. "அங்கிள், நீங்களும் அங்கதானே ஆரம்பிச்சீங்க?"

இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டு நழுவிவிட்டேன். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இந்தப் பேச்சு நடக்கிறது என்பதால் பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆமாம், நானும் அங்கேதான் ஆரம்பித்தேன், 2006-இல். எனக்கு மாதச் சம்பளம் கிடையாது. சீனியருக்கு மனசு வந்தால் ஆட்டோவுக்கு நூறு, இருநூறு தருவார். அறை வாடகைக்கு அப்பா ஊரிலிருந்து பணம் அனுப்பினார். "தொழில் கத்துக்கறே இல்ல, அதுதான் சம்பளம்" என்று எல்லா சீனியர்களும் சொல்வார்கள். நானும் நம்பினேன்.

2007-இல் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு சீனியரிடமிருந்து போன். "உங்க ஊர் ஆளாம், ஹிந்தி தெரியாதாம், நீ போ" என்றார். போனேன். ஹோட்டல் சமையல்காரர், ராமநாதபுரத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். கல்லாவில் பணம் காணோம் என்று முதலாளி புகார் கொடுத்திருக்கிறார். கைது மெமோ முழுக்க ஹிந்தி. அதில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். "வீட்டுக்கு விடறதுக்குத்தானே தம்பி கையெழுத்து வாங்கினாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

மறுநாள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தினார்கள். சீனியருக்கு ஹைகோர்ட்டில் வேறு கேஸ், நான் மட்டும்தான். பணத்தை மீட்க வேண்டும், இரண்டு நாள் போலீஸ் கஸ்டடி வேண்டும் என்று விசாரணை அதிகாரி கேட்டார். மாஜிஸ்ட்ரேட் என்னைப் பார்த்து, "ஆட்சேபம் உண்டா?" என்றார்.

"நோ சார்" என்றேன்.

வாயில் வந்தது அவ்வளவுதான். சொல்ல எவ்வளவோ இருந்தது. மெமோவில் கைது நேரம் ராத்திரி எட்டு மணி, ஆனால் ஆளைக் காலையிலேயே கூட்டிப் போய்விட்டார்கள். வீட்டுக்குத் தகவல் சொல்லவில்லை. டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே சுப்ரீம் கோர்ட் இதற்கெல்லாம் விதி போட்டிருந்தது. மெமோவில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும். பரீட்சையில் அந்த வழக்கைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். கோர்ட்டில் நின்றபோது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ரிமாண்டில் எப்படிப் பேசுவது என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த மனிதர் நொண்டிக்கொண்டு வந்தார். "வழுக்கி விழுந்துட்டேன் தம்பி" என்றார். அதற்கு மேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று வருடம் கழித்து வழக்கில் விடுதலை ஆனார். அந்த இரண்டு நாளை யாரும் திருப்பித் தரவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். ஜூனியருக்குச் சம்பளம் கொடுக்காமல், சொல்லியும் தராமல் அனுப்பினால் செலவு மிச்சம் என்று நினைக்கிறோம். மிச்சம் இல்லை. அந்தச் செலவைக் கூண்டில் நிற்கிற ஆள் கட்டுகிறார்.

கைதான ஒருவருக்கு முக்கியமானது முதல் ஒரு நாள். அரசியல் சட்டம் 22-ஆவது பிரிவு, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்து என்கிறது. அந்த நேரத்தில் பெரிய வக்கீல் வரமாட்டார், ஜூனியர்தான் வருவார். தொழிலில் மிகவும் அனுபவம் குறைந்தவரை மிகவும் அவசரமான இடத்துக்கு அனுப்புகிறோம். ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி வார்டுக்கு, சம்பளமும் தராமல், ஹவுஸ் சர்ஜனைத் தனியே அனுப்பினால் ஒத்துக்கொள்வோமா?

வேலையும் இப்போது கூடியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டது. முன்பு போலீஸ் கஸ்டடி முதல் 15 நாளோடு முடிந்துவிடும். இப்போது அதே 15 நாளைப் பிரித்துப் பிரித்து, வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் கேட்கலாம். ஒவ்வொரு தடவையும் எழுந்து ஆட்சேபிக்க ஓர் ஆள் வேண்டும்.

இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆக 'பியூப்பிலேஜ்' என்று ஒரு வருடப் பயிற்சி உண்டு. முதல் ஆறு மாதம் சீனியர் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும், அடுத்த ஆறு மாதம்தான் சொந்தமாக கோர்ட்டில் பேசலாம். 2003 முதல் அந்தப் பயிற்சிக்குப் பணம் கொடுப்பது விதியாகவே இருக்கிறது. போலீஸ் சட்டம் என்பதே அங்கே தனித் துறை. போலீஸ் தரப்பில் வாதாடவும் எதிர்த்து வாதாடவும் அதிலேயே தேர்ந்த பாரிஸ்டர்கள் உண்டு. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பழக்கிவிட்டு அனுப்புகிறார்கள், அதுதான் விஷயம்.

நம் நாட்டிலும் அசைவு தெரிகிறது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்றது. அதே வருடம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் நாடு முழுக்க நகரத்துக்கு 20,000, கிராமத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை விட்டது. ஆனால் அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. என் கருத்தில் கட்டாயம் ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பன் பணம் அனுப்ப முடிந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் இந்தத் தொழிலில் தங்குவார்கள். அந்தச் சமையல்காரர் வீட்டுப் பிள்ளை வக்கீலாக முடியாது.

நண்பருக்கு என் பதில்: பெண்ணைத் தடுக்காதீர்கள், சார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பது கேவலம் இல்லை, அங்கே வக்கீல் இல்லாததுதான் கேவலம். 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் சுப்ரீம் கோர்ட், கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. தமிழும் ஹிந்தியும் சரளமாகத் தெரிந்த ஒரு பெண் தில்லியில் எத்தனை பேருக்கு உதவலாம், யோசித்துப் பாருங்கள்.

மகளுக்கு: சேருவதற்கு முன் சீனியரிடம் கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேள், அம்மா. மாதம் எவ்வளவு தருவீர்கள்? முதல் சில ரிமாண்டுக்கு என்னோடு யார் வருவார்கள்? ராத்திரி ஸ்டேஷனுக்குத் தனியாக அனுப்புவீர்களா? முகம் சுளித்தால் வேறு சீனியரைப் பார். முதல் நாள் கோர்ட்டுக்குப் போகும் முன் கைது மெமோவை ஒரு தடவை என்னோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்துவிடு.

அடுத்த ஞாயிறு வருகிறேன். காபியை உங்கள் அப்பாவே போடட்டும் :-)