மொட்டை மாடிச் சாவி

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பேட்டைகளில் காய்கறி பயிரிடும் பாத்தியதை யாருக்கு உண்டு? மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவருக்கா? இல்லை. மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவருக்கு.

சர்க்காரின் தோட்டக்கலைத் துறை சுமார் பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் மாடித் தோட்டத் திட்டத்தை ஆரம்பித்தது. 2021-இல் 900 ரூபாய் பெறுமானமுள்ள சாமான்களை மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஆறு பைகள், ஆறு வகை விதைகள், தென்னை நார்க் கட்டி, உயிர் உரம், பூச்சிக்கு வேப்பெண்ணெய். நல்ல காரியந்தான், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த ஆறு பைகளை வைக்க ஒரு மாடி வேண்டுமே, அதை யார் மானியத்தில் கொடுக்கிறார்கள்?

குடித்தனக்காரர் சங்கதி தெரிந்ததுதான். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் எழுதிக்கொண்டு இருப்பவர் அவர். துணி உலர்த்துவதற்கே நேரம் குறித்துக் கொடுக்கும் வீட்டுக்காரர், வெண்டைச் செடிக்கு இடம் கொடுப்பாரா? கொடுத்தாலும், கறிவேப்பிலைக் கன்று ஆளுயரம் வளர்வதற்குள் ஜாகை மாற வேண்டி வரும். அடுக்கு மாடிக் குடியிருப்புகளிலோ சங்கம் என்று ஒன்று இருக்கிறது. தளம் ஒழுகும் என்ற ஒரே வார்த்தையில் அது எந்தத் தோட்டத்தையும் பட்டுப்போகச் செய்துவிடும். பட்டினப்பாக்கத்தில் சீனிவாசபுரம் வாரியக் குடியிருப்புகளில் உள்ளவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆக, இன்று நகரத்துக் காய்கறித் தோட்டம் என்பது சொந்த வீட்டுக்காரரின் பொழுதுபோக்கு. ரோஜா வளர்த்தவர் இப்போது தக்காளி வளர்க்கிறார்; அவ்வளவே.

பொழுதுபோக்கில் என்ன நியாயம், அநியாயம் என்று கேட்பவர்களுக்கு மூன்று வருஷங்களை நினைவூட்டுகிறேன். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தை மூடினார்கள். கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள் ஆறு வந்தது. பாலமும் சுரங்கப் பாதையும் போன பின் ஒவ்வொரு பேட்டையும் ஒரு தீவாயிற்று. ஒரு பாக்கெட் பால் நூறு ரூபாய்க்கு விற்றது. 2020 மே மாதம் தொற்று பரவிற்று என்று கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். முழு நகரத்துக்கும் வாசல் ஒன்றே. அதைச் சாத்தினால் நாம் எல்லோரும் தீவுவாசிகள் என்பது அன்று விளங்கிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாட்கணக்கில் தண்ணீருக்கு நடுவே நின்றன. எட்டு வருஷத்தில் மூன்று முறை தீவான ஊருக்கு, தீவுக்காரனுக்குரிய முன்யோசனை மாத்திரம் வரவில்லை.

வெள்ளம் வந்தால் கீரைப் பாத்தியுந்தானே முழுகும் என்பார்கள். முழுகும். ஆனால் தண்ணீர் வடிந்து விதை தூவினால் இருபத்தைந்து நாளில் முளைக்கீரை பறிக்கலாம். அதைவிட முக்கியம், ஒரே பாத்தியில் களை எடுத்தவர்களுக்கு ஒருவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டத் தெரிந்திருக்கும். 2015-இல் படகுகளைக் கொண்டுவந்து மாடிகளிலிருந்து ஜனங்களை மீட்டவர்கள் மீனவர்கள். மீட்கப்பட்டவர்களுக்கு மாடி இருந்தது. மீட்டவர்களில் எத்தனை பேருக்கு இருந்தது? அவர்களுக்கு ஒரு பிடி மண் கொடுக்க நமக்கு இன்னும் தோன்றவில்லை.

மண் எங்கே இருக்கிறது என்று கேட்பதில் தியாகராய நகர்க்காரர்களுக்கு விசேஷ உரிமை கிடையாது. அவர்கள் குடியிருப்பதே ஓர் ஏரியின் வயிற்றில். வயல்களுக்குப் பாய்ந்துகொண்டிருந்த நீண்ட மாம்பலம் ஏரியை 1920-களில் வடித்துவிட்டு மனை போட்டார்கள். ஏரி போயிற்று, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம். பிற்காலத்தில் அந்த நகரின் பஸ்லுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜி, 1948-இல் கவர்னர் ஜெனரலானதும், உணவுப் பஞ்ச காலத்தில் மாளிகைத் தோட்டத்தின் ஒரு பகுதியை கோதுமைக்கு விட்டார். டில்லி மாளிகைப் புல்தரையை உழலாம். மயிலாப்பூர்ப் பூங்காவின் புல்தரையில் காலை வைக்கக் கூடாது!

நிஜத் தீவு ஒன்றில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1991-இல் சோவியத் யூனியன் மறைந்ததும் க்யூபாவுக்கு எண்ணெயும் உரமும் வருவது நின்றது. ஹவானா நகரத்தார் காலி மனைகளில் பாத்தி கட்டினார்கள். பயிர் செய்கிற வரையில் அனுபவித்துக்கொள், தரிசு போட்டால் திருப்பிக் கொடு என்று சர்க்கார் நிலத்தை விட்டது. நகரின் கிழக்கே அலாமர் என்னும் அடுக்கு மாடிப் பேட்டையில் 1997-இல் தொடங்கிய கூட்டுறவுத் தோட்டம் சுமார் 25 ஏக்கருக்கு வளர்ந்து, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே காய்கறி விற்றது. அதனால் க்யூபாவின் பஞ்சம் தீர்ந்துவிட்டது என்று நான் கதை கட்டவில்லை. அரிசிக்கு அவர்கள் இன்னும் கப்பலைத்தான் பார்க்கிறார்கள். நானும் தியாகராய நகரில் நெல் நடச் சொல்லவில்லை. கீரை, கத்தரி, வெண்டை, புடல், பச்சை மிளகாய், இவ்வளவுதான் கேட்கிறேன்.

சென்னைக் கார்ப்பரேஷனிடம் 700-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. பெரிய மனைப் பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக விட வேண்டும் என்று சட்டம் வேறு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நாலில் ஒரு பங்கை அந்தப் பேட்டைவாசிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு வருஷம் ஒரு ரூபாய் குத்தகைக்கு விடட்டும். குடித்தனக்காரர்களுக்கும் வாரியக் குடியிருப்புக்காரர்களுக்கும் முதல் உரிமை. சொந்த மாடி உள்ளவர்கள் வரிசையில் பின்னால் நிற்கட்டும். பாத்தியைச் சீட்டுக் குலுக்கிப் போடலாம். நடக்காத காரியமல்ல இது. சென்னை நகர வேளாண் முயற்சி என்ற பெயரில் சிலர் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் காப்பகங்களிலும் காய்கறி வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். காட்டியது போதும் என்று கார்ப்பரேஷன் கைதட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆட்சேபணைகள் வரும். சாக்கடை நீர் பாய்ந்தால் கீரை விஷமாகும் என்பது நியாயமான ஆட்சேபணை. கூவத்திலும் அடையாற்றிலும் ஓடுவதை ஒருவரும் பாத்திக்குப் பாய்ச்சக் கூடாது; மண்ணையும் நீரையும் கார்ப்பரேஷன் வருஷந்தோறும் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். மற்றொன்று அழகு கெடும் என்பது. கத்தரிப் பூவின் ஊதா நிறத்தைப் பாராதவர்களே இப்படிச் சொல்வார்கள். நாம் இப்போது தண்ணீர் விட்டு வளர்ப்பது புல். மந்தைவெளி என்று பேட்டைக்குப் பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தப் புல்லைத் தின்னக்கூடிய ஜீவன் எதையும் பூங்காவுக்குள் விடுவதில்லை.

கடைசியாக, திருட்டு. பொது இடத்தில் காய்த்தால் ராத்திரியே பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கனவான்கள் கவலைப்படுகிறார்கள். சிலர் பறிக்கத்தான் செய்வார்கள். ஏரியையே கொண்டுபோன ஊரில் நாலு கத்தரிக்காய்க்குக் காவல் தேடுகிறோம். பறித்தவன் வீட்டில் அன்றைக்கு ஒரு குழம்பு கொதிக்கும். அடுத்த குலுக்கலில் அவன் பெயரையும் எழுதிப் போட்டால் மறு போகத்துக்குக் காவல்காரன் கிடைத்துவிடுவான்.