தனிமம் வேற, கனிமம் வேற!

பொட்டி தட்டுற உனக்கு எதுக்குய்யா கல்லு மண்ணு ஆராய்ச்சின்னு கேக்கப்படாது. மேட்டர் அப்படி.

2024 ஜூலையில நாசாவோட பெர்சவரன்ஸ் ரோவர் செவ்வாயின் ஜெசீரோ பள்ளத்துல ஒரு பாறையைப் பார்த்துச்சு. பேரு செயாவா ஃபால்ஸ். உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி. 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் வந்த கட்டுரை, அந்தப் புள்ளிகளில் விவியனைட், கிரீகைட்னு ரெண்டு இரும்புக் கனிமங்கள் இருக்கலாம் என்றது. பூமியில் இவை நுண்ணுயிர்களாலும் உருவாகும், அதுங்க இல்லாமலும் உருவாகும்.

'இருக்கலாம்'. அங்கதான் இடிக்குது.

ரோவரில் உள்ள பிக்ஸல் என்ற எக்ஸ்ரே கருவி, எந்தத் தனிமம் எங்கே இருக்குன்னு சொல்லும். ஆனா தனிமம் வேற, கனிமம் வேற. வைரமும் கார்பன், பென்சில் முனையும் கார்பன். அணுக்கள் அடுக்கியிருக்கிற விதம்தான் வித்தியாசம். அந்த அடுக்கை நேரா காட்டுறது எக்ஸ்ரே விளிம்பு விளைவு. 2012ல் செவ்வாயில் இறங்கின க்யூரியாசிட்டியில் அந்தக் கருவி இருக்கு, பெர்சவரன்ஸில் இல்லை. நம்ம திருச்சியில பொறந்த சி.வி.ராமன் பேரு சொல்ற கருவி இருக்கு. அது கரிமப் பொருளின் தடயத்தைக் காட்டுச்சு. கனிமத்துக்கு முத்திரை குத்தலை.

பேரு உறுதியானா என்ன ஆகும்? 2004ல் ஆப்பர்ச்சுனிட்டி மெரிடியானி சமவெளியில் ஜாரோசைட்டைக் கண்டுபிடிச்சது. தண்ணி இல்லாம உருவாகாத கனிமம் அது. ஒரு காலத்துல அங்க ஈரம் இருந்துச்சுங்கறதுக்கு அதை விட நல்ல சாட்சி வேணுமா?

அதனால என் கருத்து இதுதான்: செயாவா ஃபால்ஸில் துளைச்சு எடுத்த மாதிரி குழாயில் பத்திரமா இருக்கு, ஆனா செவ்வாயில. அதை பூமிக்குக் கொண்டு வந்தே ஆகணும்.

செலவு? மொத்தத் திட்டத்துக்கும் 800 முதல் 1100 கோடி டாலர் வரை ஆகும்னு 2023ல் ஒரு தனிக்குழு கணக்கு சொல்லுச்சு. தலை சுத்துதுதான். செலவைக் குறைக்க வழி தேடட்டும், வேணாம்னு சொல்லலை. இன்னொரு ரோவரை அனுப்பினா போதாதான்னு கேட்டா, போதாது. ரோவரில் ஏத்தின கருவி ஏத்தினதுதான், மாத்த முடியாது. கல்லு கையில இருந்தா, நாளைக்கு வரப்போற கருவியிலும் வச்சுப் பாக்கலாம். 1972ல் அப்போலோ 17 கொண்டுவந்த ஒரு மாதிரியை 2019ல்தான் திறந்தாங்க!

லாக் மட்டும் பார்த்து பக் எதுன்னு சத்தியம் பண்ணுவீங்களா மக்கா? சிஸ்டம் கைக்கு வரணும்ல? பின்னூட்டத்துல கும்முங்க.