சாவியை எழுதிய தாள் எங்கே?

1999 மார்ச் மாதம், புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தில் நிப்பா கிருமி பரவியபோது, மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நாட்டில் 105 உயிர்களைப் பலிகொண்ட நோய் அது. அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டையோ பண்ணையையோ தூக்கிக்கொண்டு போக முடியாது. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், நில கிராண்ட் ஆகியவற்றைத்தான் எடுத்துச் செல்ல முடியும். அவை எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இன்று பகுதிநேர வேலைச் சம்பளத்தில் பிட்காயின் வாங்கிச் சேர்க்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சேமிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் கைப்பேசியைக் காட்டுவார்கள். அது சரியான பதில் அல்ல.

பிட்காயினுக்கு உரிமை என்பது ஓர் இரகசிய எண். அதை வைத்திருப்பவரே பணத்தை நகர்த்த முடியும். நாணயத்தை வாங்கிய தளத்திலேயே விட்டுவைத்தால், அந்தச் சாவி தளத்தின் கையில் இருக்கிறது. 2024 ஜூலையில் இந்தியாவின் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து 23 கோடி அமெரிக்க டாலருக்கும் அதிகமான நாணயங்கள் திருடப்பட்டன. வாடிக்கையாளர்கள் தங்கள் பணத்தை எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் தவித்தனர்.

இதற்கு மாற்றுதான் காகிதப் பணப்பை. சாவியை இணையத்தில் வைக்காமல் தாளில் வைப்பது. முன்பு இரகசிய எண்ணை அப்படியே அச்சிட்டார்கள். இப்போதைய பணப்பைச் செயலிகள், 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களைத் தருகின்றன. அவற்றை வரிசை மாறாமல் எழுதி வைத்தால் போதும்; கைப்பேசி தொலைந்தாலும் சேமிப்பை மீட்கலாம்.

செய்முறையில் கவனம் வேண்டும். இணைய இணைப்பைத் துண்டித்த கணினியில் சாவியை உருவாக்குங்கள். இலவசமாகச் சாவி தரும் இணையப் பக்கங்களை நம்பாதீர்கள். அப்படிப்பட்ட ஒரு பக்கம் ஒரே சாவியைப் பலருக்குக் கொடுத்தது 2019இல் தெரியவந்தது. சொற்களைக் கையால் எழுதுங்கள். படம் பிடிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், கடையில் நகலெடுக்காதீர்கள். பணம் போடுவதற்கு முன், அந்தச் சொற்களைக் கொண்டு பணப்பையை ஒருமுறை மீட்டுப் பாருங்கள். பிறகு சிறு தொகையை அனுப்பிச் சோதியுங்கள்.

ஆனால், தாள் நம்மைத் திருடனிடமிருந்துதான் காக்கும். நம் மறதியிலிருந்து காக்காது. கரையானும் மழை ஈரமும் தீயும் அதற்கு எதிரிகள். பிரிட்டனின் ஜேம்ஸ் ஹவல்ஸ், சுமார் 8,000 பிட்காயின்களின் சாவி இருந்த வன்தட்டு 2013இல் குப்பைக்குப் போனதால் இன்றுவரை அவற்றை மீட்க முடியவில்லை. வங்கியில் போட்ட பணத்துக்குப் பிஐடிஎம் 250,000 ரிங்கிட் வரை பாதுகாப்பு தருகிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று முறையிட முகப்பிடமும் இல்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: தாளைப் பாதுகாக்கத் தெரியாதவர் மின்னிலக்க நாணயத்தில் சேமிக்க இன்னும் தயாராகவில்லை. படிப்புக் கட்டணத்தையும் பிடிபிடிஎன் கடன் பணத்தையும் இதில் போடவே கூடாது. இழந்தாலும் தாங்கக்கூடிய சிறு தொகையில் பழகுங்கள். அதற்குப் பங்குப் பத்திர ஆணையத்திடம் பதிவு பெற்ற தளமே போதும். தொகை வளர்ந்தால் தாளுக்கு மாறுங்கள். ஒரு பிரதியை வீட்டிலும் இன்னொன்றை நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் ஈரம் படாமல் வையுங்கள்.

கடைசியாக, அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பிட்காயின் அவர்களுக்குப் புரியாமல் போகலாம். ஆனால், எந்தத் தாளை விட்டுவிடாமல் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது நன்றாகவே புரியும்.