ஏட்டுச் சுரைக்காயும் வீட்டுச் சுக்கினியும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. நூலறிவு மாத்திரம் படைத்தவனை இடித்துரைப்பதற்கு இதனினும் எளிய சொல் வேறில்லை. கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எம்போன்றோர் இதனைக் கேட்குந்தோறும் சிறிது நாணமடைதல் இயல்பே. எனினும், கறிக்கு உதவும் சுரைக்காய்க்கும் சிற்சில வேளைகளில் ஏட்டின் துணை வேண்டியிருக்கின்றது. சுரைக்குத் தூரத்து உறவான சுக்கினி என்னும் காயை முன்னிட்டு அவ்வுண்மையை இவ்வாரம் நோக்குவோம்.

சுக்கினி வடிவிலே வெள்ளரியையும் சுவையிலே இளஞ்சுரையையும் ஒத்தது. அதனாற் சிலர் அதனைச் சீமைச் சுரைக்காய் என்பர். ஆயினும், சுரையின் பிறப்பிடம் ஆபிரிக்கா. சுக்கினியின் முன்னோர் பிறந்ததோ அமெரிக்கக் கண்டத்தில். மெக்சிக்கோ நாட்டில் ஒகாக்கா மாநிலத்துக் குகையொன்றிற் கண்டெடுக்கப்பட்ட விதைகள், ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் இவ்வினத்தைப் பயிரிட்டனர் என்பதைக் காட்டுகின்றன. 1492ஆம் ஆண்டிற் கொலம்பசு கடல் கடந்த பின்னர் இவ்விதைகள் ஐரோப்பாவை அடைந்தன. வட இத்தாலியிலே மிலான் நகரை அடுத்த தோட்டக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனை இன்றைய உருவிற்குக் கொணர்ந்தனர். இத்தாலிய மொழியிற் ‘சுக்கா’ என்றால் பூசணி. ‘சுக்கினி’ என்றால் சின்னஞ்சிறு பூசணிகள். ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரைப் பின்பற்றிக் ‘கூர்ஜெட்’ என்பர்; அமெரிக்கர் இத்தாலியப் பெயரையே கைக்கொண்டனர்.

நம் நாட்டில் இது மலைநாட்டின் குளிர்ச்சியை விரும்பி வளர்கின்றது. கொழும்புச் சந்தைகளிலும் காணலாம். ஆயினும், இதனைத் தமது கையால் விதைத்து வளர்க்கும் தமிழர் பலர் வாழ்வது கனடாவிலும் இங்கிலாந்திலுமே. முருங்கையும் புடோலும் அக்குளிரில் எளிதில் வாய்க்குமா? குறுகிய கோடையிலே வீட்டின் பின்புறத்திற் குழி வெட்டி இரண்டு விதையிட்டால், ஐம்பது நாள் அளவிற் சுக்கினி காய்க்கத் தொடங்கிவிடும். தொடங்கியபின் அதனை நிறுத்துதல் அரிது. மலர்ந்த பூ ஒரு வாரத்திற்குள் கறிக்காயாகிவிடும். தாமும் உண்டு, அயலாருக்கும் ஈந்து, மேலும் எஞ்சி நிற்கும். அமெரிக்காவில் ஓகஸ்ட் 8ஆம் திகதியை, அயலவர் வீட்டு வாசலிற் சுக்கினியை ஒருவரும் அறியாமல் வைத்துவிட்டு வரும் நாளென வேடிக்கையாகக் கொண்டாடுகின்றனர் என்றால், அதன் விளைச்சலை நீங்களே மதித்துக் கொள்ளலாம்.

இக்கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியிற் சிறு காய் இருக்கும். ஆண் பூ மெல்லிய தண்டின்மீது தனித்து நிற்கும். இரண்டும் காலையில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடத் தொடங்கும். தேனீ வாராவிடத்துப் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். அப்பொழுது ஆண் பூவைக் கொய்து, இதழை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலே நாமே தடவலாம். தாவரவியல் பயிலும் மாணவர்க்கு இதனினும் நல்ல செய்முறைப் பாடம் கிடையாது. காய் ஒரு சாண் நீளத்தை அடைந்தவுடன் கொய்தல் வேண்டும். இரண்டு நாள் மறந்தால் அது கையளவு தாண்டிப் பெருத்துவிடும், சுவையுங் குன்றிவிடும்.

இனிச் சமையலுக்கு வருவோம். சுக்கினியில் நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு நீர். இதனை மனத்திற் கொண்டால் மற்றவையெல்லாம் தாமே விளங்கும். உப்புப் பட்டவுடன் பிரசாரணத்தினாற் காயின் நீர் வெளியேறும். வறை செய்வோர் முதலிலேயே உப்பிட்டு மூடிவைத்தாராயின் தாச்சியில் இருப்பது வறையன்று, கஞ்சி. ஆகவே அரைக் கிலோ காயைத் தோல் சீவாது சிறு துண்டுகளாக வெட்டிக் கொள்க. தாச்சியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, இரண்டு செத்தல் மிளகாய், ஐந்தாறு சின்ன வெண்காயம், கறிவேப்பிலை இட்டுத் தாளித்து, காயைப் போட்டு, மூடாது, நல்ல நெருப்பிற் கிளறுக. நிறம் மாறுமுன்னரே மஞ்சளும், ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவும், இறுதியில் உப்பும் இட்டு இறக்குக. ஆறேழு நிமிடத்திற்கு மேல் வேண்டாம்.

பாற்கறிக்கோ அந்நீரே துணை. பச்சை மிளகாய், வெண்காயம், சிறிதளவு வெந்தயம், உப்பு ஆகியவற்றுடன் காயைச் சட்டியிலிட்டு மூடி, மெல்லிய நெருப்பில் வைத்தால் தன் நீரிலேயே அது வெந்துவிடும். வேறு நீர் வார்க்க வேண்டியதில்லை. கப்பிப் பாலும் வேண்டியதில்லை. வெந்ததும் முதற்பாலை விட்டு ஒரு கொதி வந்தவுடன் இறக்கித் தேசிப்புளி சேர்க்க. முற்றிப் பெருத்த காயைத் தோல் சீவி, நடுவிலுள்ள பஞ்சையும் விதையையும் நீக்கி, மைசூர்ப் பருப்புடன் சேர்த்துச் சமைக்கலாம். பிஞ்சுக்கு வேண்டிய ஆண் பூக்கள் சிலவற்றை விட்டு, மிகுந்தவற்றைக் கடலைமாக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கலாம். உரோமாபுரி மக்கள் பூவினுட் பாற்கட்டியை வைத்துப் பொரிக்கின்றனர். வங்காளத்தார் பூசணிப் பூவை மாவில் தோய்த்துப் பொரிக்கின்றனர். நம் மரக்கறி உணவிற்கும் அது இயைந்ததே.

இவ்வளவும் இன்பப் பகுதி. ஏட்டின் துணை வேண்டிய பகுதி இனித்தான் வருகின்றது.

பூசணி, சுரை, வெள்ளரி முதலிய குடும்பத்துக் காட்டுக் கொடிகள், விலங்குகள் தம்மைத் தின்னாதவாறு ‘குக்கர்பிட்டசின்’ என்னும் கடுங்கசப்புப் பொருளை உண்டாக்குகின்றன. அது நஞ்சு. பல்லாயிரம் ஆண்டுகளாகக் கசப்பற்றவற்றையே தெரிந்து விதைத்து, மனிதன் அக்குணத்தை அடக்கி வைத்தான். நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் எனக் கசப்பனவற்றிற்கெல்லாம் பேயின் பெயரைச் சூட்டி விலக்கினர். அடக்கிய பேய் மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு. அழகிற்காக வளர்க்கும் கசப்புப் பூசணியொன்று அயலில் இருப்பின், தேனீ அதன் மகரந்தத்தைச் சுக்கினிப் பூவிற் சேர்க்கும். அவ்வாண்டுக் காயில் மாற்றம் தோன்றாது. அதன் விதையை எடுத்து மறு ஆண்டு நட்டால், அக்கொடியின் காய் கசக்கலாம். கடைவிதையும் முற்றிலும் விலக்கன்று: 1981, 1982ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவிலே ஒரு கலப்பினச் சுக்கினியின் கசப்புக் காய்களை உண்டோர் நோயுற்றனர். கடும் வெயிலும் நீரின்மையும் கசப்பைக் கூட்டுவதுமுண்டு.

இந்தியாவிற் கசப்புச் சுரைக்காயின் சாற்றைப் பருகினோர் வயிற்றுவலி, வாந்தி, இரத்த வாந்தி, வயிற்றோட்டம், குருதியழுத்த வீழ்ச்சி ஆகியவற்றால் வருந்தினர், உயிரிழந்தோரும் உளர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, கசக்கும் சாற்றை ஒருபோதும் பருகலாகாது என்றும், சாறு பிழியுமுன் சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டுமென்றும் வற்புறுத்திற்று. இந்நஞ்சிற்கு மாற்று மருந்து இல்லை. சமைப்பதனாலும் அது அழிவதில்லை. உப்போ, புளியோ, தேங்காய்ப்பாலோ கசப்பை மறைக்கலாம், நஞ்சை நீக்கமாட்டா.

நமக்கு இங்கேயே தனியானதோர் இடர் உண்டு. தமிழர் கசப்பிற்கு அஞ்சாதவர். பாகற்காயை விரும்பி உண்பவர்; கசப்பெல்லாம் மருந்தென்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர். உணவை வீணாக்குதல் பாவமென்றும், விருந்தளித்தார் மனம் நோக இலையில் மிச்சம் வைத்தல் தகாதென்றும் கற்றவர். இவை உயர்ந்த பழக்கங்களே. ஆயினும், பாகலின் கசப்பு அதற்கு உரியது. சுக்கினிக்கும் சுரைக்கும் உரியதன்று. இனிக்க வேண்டிய காய் கசந்தால் அது நோய்க்கு முன்னறிவிப்பு. ‘அம்மா, கறி கசக்கிறது’ என்று பிள்ளை சொல்லும்போது, ‘பேசாமற் சாப்பிடு’ என்று அதட்டுதல் எத்துணை ஆபத்தானது! அயலவர் அன்போடு தந்த காயாயினும், அரைநாள் பாடுபட்டுச் சமைத்த கறியாயினும், அதனைக் கொட்டிவிடுதலே அறம். அதனால் அன்பு குறைவதில்லை.

2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, மறு ஆண்டு பொருட்பஞ்சம் நம்மை வாட்டியபோது, அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்து வீட்டுத்தோட்டம் செய்யுமாறு தூண்டியதை வாசகர் மறந்திரார். அக்காலத்தில் எத்தனையோ வீட்டு முற்றங்கள் பச்சை பூத்தன. கைக்கெட்டிய விதையையெல்லாம் நட்டோம். வறுமை வருங்காலத்தில் விதை சேமித்தல் அறிவுடைமையே. அதனை விட்டுவிடச் சொல்லோம். காட்டுச் சுரையோ அலங்காரப் பூசணியோ அருகில் இல்லாத இடத்தில் விதை எடுக்க. குப்பைமேட்டில் தானே முளைத்த கொடியை ஐயுறுக. பெண் பூவை மலருமுன்னரே நூலாற் கட்டி, தெரிந்த ஆண் பூவின் மகரந்தத்தைத் தடவி, மீண்டும் கட்டிவைத்தால் விதை தூயதாகும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, சுக்கினியாயினும் சுரையாயினும், வெட்டியவுடன் கடுகளவு துண்டொன்றை நாநுனியில் வைத்துப் பார்த்துத் துப்புக. இனித்தாலும் சுவையற்றிருந்தாலும் சட்டிக்குச் செல்க. கசந்தாற் குப்பைக்குச் செல்க. உண்டபின் வாந்தியோ வயிற்றோட்டமோ கண்டால், வீட்டு வைத்தியம் பாராது, எஞ்சிய காயையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைக. ஒரு நொடியிற் செய்யத்தக்க இச்சோதனையைச் சமையற்கட்டிலே பிள்ளைகளுக்கும் பழக்கி வைப்பது பெற்றோர் கடனாகும்.